ஆறு டிகிரி குறைந்த வீடு

அந்த வெள்ளை டப்பா எதற்கு என்று ஒரு வார்த்தை, புரிகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை, யாராவது சொல்லியிருக்கலாம். பெயிண்டரின் மனத்தாங்கல் இதுதான். ஏழு வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இதைச் சுமந்துகொண்டு திரிகிறார். டீக்கடையில் யாராவது வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். சுவர் சுரண்டும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

"சொல்லியிருக்கலாம்ல? வாய் என்ன வாடகைக்கா எடுத்திருக்கான்?"

பக்கத்தில் பூசுகிறவன் தன்னைத்தான் திட்டுகிறார் என்று பயந்து, "என்னண்ணே, நான் என்ன சொல்லல?" என்பான்.

"உன்னை இல்லடா. நீ பூசு."

சொல்லியிருந்தால் அவருடைய அக்கா இன்னும் நாலு வருஷமாவது இருந்திருப்பாள் என்பது அவர் கணக்கு. டாக்டர்கள் வேறு ஏதாவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அக்கா இஸ்திரி போடுகிறவள். ரயில் பாதைக்கும் கிடங்குகளின் முதுகுச் சுவருக்கும் நடுவே எழுபது வீடு கொண்ட ஒரு தெரு. எல்லாம் தகரக் கூரை. அக்காவின் வீடு ஒரே அறை. முன்பாதி தொழில், பின்பாதி குடித்தனம். நடுவில் மேஜை. மேஜைமேல் நாலாக மடித்த பழைய கம்பளி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணியில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு பட்டுப் பட்டு ஒரு மூலை பழுப்பாகி இருக்கும். மேஜையைச் சுற்றி விடுதிப் படுக்கை விரிப்புகள், பள்ளிக்கூடச் சட்டைகள், யார் யாருடைய வேலையுடுப்போ. பதினாலு வயதில் பிடித்த பெட்டி. அப்பா போனபிறகு அவள் படிப்பை விட்டதே தம்பி படிக்கட்டும் என்றுதான். தம்பி ஐந்தாம் வகுப்போடு ஓடிவந்து சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"உன்னைப் படிக்க வைக்கப் போயி நானும் படிக்கல, நீயும் படிக்கல. ஒரே வீட்ல ரெண்டு நஷ்டம்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நாற்பது வருஷமாக அதே நகைச்சுவை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. "துணியாவது மடிச்சா சொன்ன பேச்சு கேக்குது" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. சட்டைக் காலரைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். "அழுக்கு உள்பக்கம் இருந்தா உழைக்கிறவன். வெளிப்பக்கம் இருந்தா கார்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் போறவன்." தப்பே வராது.

முன்னெல்லாம் பொழுது சாயும்வரை பெட்டி பிடிப்பாள். பிறகு மதியம் இரண்டு மணி நேரம் நிறுத்தினாள். பிறகு பதினொன்றுக்கே நிறுத்தினாள். வெயில் ஒவ்வொரு வருஷமும் அவள் நாளில் ஒரு மணி நேரத்தைக் கடித்துத் தின்றது. மேலே தகரம், கையில் பெட்டி, நடுவில் அவள். "என்னையும் இஸ்திரி போடுறாங்கடா மேல இருந்து. மடிக்கத்தான் இன்னும் ஆள் வரல" என்பாள்.

இந்த நேரத்தில்தான் டிகிரி சார் வந்தார். அது தெரு வைத்த பெயர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் கம்ப்யூட்டர் பையோடு, வாயைத் திறந்தால் இத்தனை டிகிரி அத்தனை டிகிரி என்பார். நல்ல மனுஷன். அதில் பெயிண்டருக்கு இன்றும் சந்தேகமில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

கிடங்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். டிகிரி சார் நிதானமாகத்தான் சொன்னார். உலகம் சூடாகிக்கொண்டு போகிறது. அந்தச் சூட்டில் முதலில் வேகிறவர்கள் இந்த மாதிரித் தெருக்காரர்கள். பெரிய இடத்தில் சில பேரிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணம் நல்ல காரியமும் செய்ய வேண்டும், திரும்பியும் வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். இந்தத் தெருக் கூரைகளுக்குப் போடுகிறார்கள். வீட்டுக்குள் ஐந்து டிகிரி குறைந்தால், நகர நிர்வாகமும் ஒரு அறக்கட்டளையும் சேர்ந்து அந்தப் பணத்தை லாபத்தோடு அவர்களுக்குத் திருப்பித் தரும். குறையாவிட்டால் போட்டது போனதுதான்.

அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம். அதாவது நாங்க வேர்க்காம இருந்தா எங்கயோ இருக்கிற ஒருத்தருக்குக் காசு?"

"அப்படியும் சொல்லலாம்மா."

"இத்தனை வருஷம் வேர்த்தோமே, அது யாருக்குக் காசாச்சு?"

கூட்டமே சிரித்தது. டிகிரி சாரும் சிரித்தார். அப்புறம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வேலை இரண்டு கட்டம். முதலில் கூரைமேல் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு. அதிலேயே ஐந்து டிகிரி குறைந்துவிட்டால் அதோடு முடிந்தது. குறையாவிட்டால் இரண்டாம் கட்டமாக எழுபது வீட்டுக்கும் தகரத்துக்குக் கீழே பஞ்சு வைத்த பலகையில் சீலிங். அக்காவின் மனசு முழுக்க அந்தச் சீலிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பூச்சுலயே அஞ்சு குறையுமாடா?"

"இந்தத் தகரத்துக்கா? ரெண்டு குறைஞ்சா அதிகம்."

"அப்ப சீலிங் வரும்."

"கண்டிப்பா வரும்க்கா."

அண்ணாந்து படுத்தால் துருப்பிடித்த ஓட்டை தெரியாமல் பலகை தெரியுமே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். எங்கிருந்தோ ஒரு பழைய சிமென்ட் தாளைப் பிரித்து, கூரை அளவை எழுதிக்கூட வைத்தாள். நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம்.

பூச்சு வேலை பெயிண்டருக்கே கிடைத்தது. "சார், துருவைச் சுரண்டாம பூசினா நிக்காது. சுவர் இருந்தாத்தானே சித்திரம்?" என்று முதல் நாளே சொன்னார். சுரண்டினால் ஒரு மாதம் ஆகும், வெயில் காலத்துக்குள் அளவு எடுத்தாக வேண்டும் என்றார் டிகிரி சார். பதினோரு நாளில் எழுபது கூரை. பெயிண்டர் கை வீங்கிப்போனது. பூசுவதற்கு முன்னால் முதல் அளவை டிகிரி சார் தானே எடுத்தார். உச்சி வெயிலில், மேஜைமேல் ஏறி நின்று, தகரத்துக்கு ஒரு முழம் கீழே மீட்டரைப் பிடித்து, வேர்வை மூக்குநுனியில் சொட்டச் சொட்ட.

பூசி முடித்ததும் பத்து வீட்டுக்கு வெள்ளை டப்பா வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அக்கா வீட்டில் உத்தரக் கம்பியில் அதைக் கட்டிவிட்டு டிகிரி சார் சொன்னது பெயிண்டருக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது.

"இது தரவு சேகரிக்கிற கருவிம்மா. வெளிநாட்டுச் சாமான், விலை ஜாஸ்தி. இதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்க. திட்டமே இதை நம்பித்தான் இருக்கு."

அக்கா தலையாட்டினாள். தரவு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. பெயிண்டரும் தலையாட்டினார். அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் வாய் வந்ததில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர் பார்த்தால் டப்பா கம்பியில் இல்லை. பின்பாதியில், மண்பானைக்கும் சுவருக்கும் இடையில், ஈரத்துணியை மடித்து அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"கை வச்சுப் பாத்தேன்டா. கொதிக்குது. இன்னும் ரெண்டு நாள் அங்க தொங்கினா உருகிடும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"தண்ணி பட்டுடப் போவுது."

"அதான் தாள் போட்டிருக்கேன். நமக்குத்தான் போக்கிடம் இல்ல. அதுவாச்சும் குளுகுளுன்னு இருக்கட்டும்."

பெயிண்டர் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? பையிலிருந்து ஆணி எடுத்து, பானைக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார். தண்ணீர் படாது, குளிர்ச்சியும் இருக்கும். அக்கா அந்தக் கொக்கியைத் தெருவுக்கே காட்டினாள். டப்பா வந்த மற்ற ஒன்பது வீட்டுப் பெண்களும் "எங்களுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்கண்ணே" என்று வந்தார்கள். அடித்துக் கொடுத்தார். பத்து கொக்கி. சனிக்கிழமைதோறும் காலையில் டிகிரி சார் டப்பாவில் இருக்கிற எண்களைத் தன் போனில் ஏற்றிக்கொள்ள வருவார். அவர் வருவதற்கு முன்னால் பத்து வீட்டிலும் டப்பா துடைத்து, மேலே உத்தரத்தில், கட்டின இடத்திலேயே தொங்கும். அவர் பார்த்து, "அருமையா வச்சிருக்கீங்கம்மா" என்பார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. சராசரியாக ஆறு டிகிரி குறைந்திருக்கிறது.

பெயிண்டர் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். இரண்டுக்குமேல் வராது என்று சொன்னவரே அவர்தான். ஆனால் மனுஷனுக்குப் பெருமை வந்தால் கண் முதலில் போகும். 'நம்ம கை பூசின பூச்சு' என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டார். டீக்கடையில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஆறு குறைஞ்சுமாடா இப்படி வேர்க்குது?" என்றாள் அக்கா.

"வெளிய ஏறிப்போச்சுக்கா. பூச்சு இல்லன்னா நீ கருவாடாயிருப்ப."

வாய்க் கொழுப்பு. இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

பணம் போட்டவர்கள் வெயில் தணிந்த மாதத்தில் ஒரு நாள் தெருவைப் பார்க்க வந்தார்கள். இருபது நிமிஷம் நடந்தார்கள். ஒரு அம்மாள் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். அந்தப் படம் ஒரு வழவழப்பான புத்தகத்தின் அட்டையில் வந்தது. அக்கா இஸ்திரிப்பெட்டியோடு சிரிக்கிறாள். வாசல் கதவில் ஒரு தகடு அடித்தார்கள், 'இந்த வீட்டில் ஆறு டிகிரி வெப்பம் குறைந்தது' என்று. சீலிங் என்ன ஆச்சு என்று அக்கா கேட்டாள். இலக்கை எட்டிவிட்டதால் இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை என்றார்கள். போட்ட பணம் லாபத்தோடு திரும்பிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். வீட்டுக்காரர் அடுத்த மாதமே தகட்டைக் காட்டி வாடகையை ஏற்றினார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த கோடையில் பூச்சு உரிந்தது. துருவின்மேல் எத்தனை நாள் நிற்கும்? மிச்சம் இருந்த வெள்ளையும் லாரிப் புழுதி படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. அக்கா பத்து மணிக்கே பெட்டியைக் கீழே வைத்தாள். கால் வீங்கியது. சிறுநீர் சரியாகப் போகவில்லை. விடுதிக்காரர்கள் துணியை மெஷின் வைத்திருக்கிற கடைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல், டிகிரி சார் டப்பாக்களைத் திரும்ப வாங்கிப் போக வந்தார். பெயிண்டரும் அப்போது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிகிரி சார் உத்தரத்தைப் பார்த்தார். அங்கே டப்பா இல்லை. பின்பாதியில் பானைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏம்மா இங்க இருக்கு?"

"எப்பவும் அங்கதான் சார் இருக்கும்" என்றாள் அக்கா, பெருமையாக. "மேல சூட்டுல கெட்டுடும்ல? சனிக்கிழமை மட்டும் நீங்க வரதுக்கு முன்ன மேல கட்டிடுவேன். ஒரு கீறல் இருக்கா பாருங்க."

டிகிரி சார் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மத்த வீட்ல?"

"எல்லாரும்தான். தம்பிதான் கொக்கி அடிச்சுக் குடுத்தான்."

 அப்போதுதான் அவர் சொன்னார். முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியதை. "அம்மா, அந்த டப்பாதான் வெக்கை எவ்வளவுன்னு அளக்குது. அது எங்க இருக்கோ அந்த இடத்து வெக்கையைத்தான் எழுதிக்கும்."

அக்காவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் மக்கு இல்லை. டப்பாவைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"அப்ப ஆறு குறைஞ்சது பானைக்கா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப எங்களாலதான் சீலிங் வரலையா?"

"உங்க மேல தப்பில்லம்மா."

"தப்பு யார் மேலன்னு கேக்கல சார். சீலிங் எங்களாலதான் வரலையான்னு கேட்டேன்."

"ஆமாம்மா."

பெயிண்டர் கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா ஒன்பது வீட்டுக்கும் போய்த் தானே சொன்னாள். தம்பி தடுத்தார். "விடுக்கா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். "எனக்குத் தெரியும்ல" என்றாள். யாரும் திட்டவில்லை. ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் தெருக்குழாயில் அக்கா வரிசைக்கு வந்தால் பேச்சு நின்றுபோக ஆரம்பித்தது. மறு மாதம் நாலாவது வீட்டுக் கிழவர் வெயிலில் சுருண்டு விழுந்து போனபோது, அக்கா சாவு வீட்டுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் நகைச்சுவை எதுவும் சொல்லிப் பெயிண்டர் கேட்கவில்லை. இரண்டு நஷ்டக் கதையைக்கூட.

பெயிண்டர் டிகிரி சாரின் அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. வேலைச் சட்டையில் பெயிண்ட் காய்ந்திருந்ததால் நாற்காலியில் உட்காரவில்லை.

"மறுபடி அளங்க சார். சரியான இடத்துல வச்சு அளங்க. உண்மை தெரிஞ்சா சீலிங் போட்டுத்தானே ஆகணும்?"

டிகிரி சார் குரலைத் தாழ்த்தினார். "எழுதிக் குடுத்துட்டேன்ணே. மேல வேணாம்னுட்டாங்க. அறிக்கை போயாச்சு. பணம் திரும்பியாச்சு. அதே பணம் இப்ப வேற ஊருல முன்னூறு வீட்டுக்குப் போகுது, இதே பூச்சுக்கு. இப்ப இது பொய்யின்னு வெளிய வந்தா, இனிமே எந்தத் தெருவுக்கும் எவனும் ஒரு பைசா போட மாட்டான். அதையும் யோசிக்கணும்ல?"

மேஜைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டையில் அக்கா.

"முன்னூறு வீட்லயும் டப்பா எங்க தொங்குதுன்னு போயிப் பாருங்க சார்" என்றார் பெயிண்டர். அவ்வளவுதான் சொல்ல வந்தது. மேஜையைக் கவிழ்க்க வேண்டும் என்று இருந்தது. கவிழ்க்கவில்லை. அந்த ஆளின் கண் கலங்கியிருந்தது. அவனை அடித்து என்ன ஆகப் போகிறது?

அவரே சீலிங் போட்டுவிடலாம் என்று பலகைக் கடையில் விசாரித்தார். ஒரு அறைக்கே அவரால் முடியாத விலை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தகரத்துக்குக் கீழே கட்டினார். எலி வந்தது. அக்கா பிரித்துப் போடச் சொன்னாள். "எங்கூட வந்துடுக்கா" என்றார். அவர் இருந்ததும் மாடியில் ஒரு தகர அறைதான். "ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டியா?" என்று கேட்டாள்.

அந்தக் கோடையின் கடைசியில், ஒன்பது மணிக்கே, இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபடி மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். உடம்பில் வேர்வையே இல்லை. தொட்டால் சுட்டது. வாய் குழறியது. பெயிண்டரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வெயில் அடித்தவர்களுக்கென்று ஏ.சி. வைத்த வார்டு ஒன்று திறந்திருந்தார்கள். எட்டுப் படுக்கை. வெளியே தாழ்வாரத்தில் முப்பது பேர். இவளுக்கு இடம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து ஒன்பதாம் நாள் மதியம், அந்தத் தகரத்துக்குக் கீழேயே, பேச்சில்லாமல் போய்ச் சேர்ந்தாள். அந்த ஒன்பது நாளில் தம்பியிடம் தண்ணீர்கூட அவளாகக் கேட்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டது ஆஸ்பத்திரியில்தான். அதை அவர் செய்யவும் செய்தார். பலிக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அது. அக்காவுக்கு நினைவு தெளிந்திருந்தது. கழுத்துவரை போர்வை. பெயிண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு போர்வை கேட்டு வாங்குடா."

"ஜுரமாக்கா?"

"இல்லடா. குளுருது." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எத்தனை வருஷமாச்சு குளுரு பாத்து. பல்லு கிட்டுது பாரு."

நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தாள். அட்டையில் எழுதினாள். "எல்லாம் சரியாயிடுச்சும்மா. காலையில டாக்டர் பாத்துட்டு அனுப்பிடுவாரு. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். கண்ணாடி வழியாகத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறவர்களின் கால்கள் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி."

"சொல்லுக்கா."

"காலையில டாக்டர் வந்தா, எனக்கு இன்னும் தலை சுத்துதுன்னு நீ சொல்லு. நான் சொன்னா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். ரெண்டே நாள்டா. இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்துக்கறேன்னு கேளு."